மாதிரி ரயில் எஞ்சின் தடுமாறாமல் ஓட: சக்கரத்திலிருந்து டீகோடர் வரை

எஞ்சின் திக்கித் திக்கி ஓடுகிறது, விளக்கு மினுக்குகிறது என்றதும் பலர் முதலில் செய்வது நல்ல டீகோடராக (டிஜிட்டல் கட்டளையைக் கேட்டு மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சிறு சர்க்யூட்) ஒன்றை வாங்கிப் பொருத்துவது. பொருத்திய பிறகும் அதே திக்கல்தான். சக்கரத்தில் அழுக்கு இருந்தால் டீகோடருக்கே மின்சாரம் ஒழுங்காகப் போகாது, அது எதைச் சரிசெய்யும்? புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் வேலையின் வரிசைதான். கைத்திறன் குறைவால் கெடுவது அதைவிடக் குறைவு.

அந்த வரிசை இது: முதலில் சக்கரமும் கியரும், பிறகு சக்கரத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் தகடுகள், பிறகு மோட்டார், அதன் பின்தான் டீகோடர், விளக்கு, சிவி (டீகோடருக்குள் எழுதி வைக்கும் அமைப்பு எண்கள்), கெபாசிட்டர். இரண்டு தண்டவாளங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் எச்ஓ (HO), ஓஓ (OO), என் (N) அளவு எஞ்சின்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மிகச் சிறிய 'என்' (N) அளவில் இடம் குறைவு. வேலை ஒன்றேதான்.

1. கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். இந்த வேலையில் பாதி நேரம் அதன் இரண்டு முனைகளும் உங்கள் கையில்தான் இருக்கும். அதோடு 12 வோல்ட் வரை கூட்டிக் குறைக்கக்கூடிய சாதாரண டிசி கண்ட்ரோலர் ஒன்று வேண்டும். டிசிசி (தண்டவாளம் வழியாக ஒவ்வொரு எஞ்சினின் டீகோடருக்கும் தனித்தனியே கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை) வைத்திருப்பவர்களுக்கும் இது வேண்டும், ஏனென்றால் டீகோடர் போடும் முன் எஞ்சினை டிசியில் சோதிக்க வேறு வழியில்லை.

மெல்லிய முனையுள்ள ஸ்க்ரூடிரைவர்கள், ட்வீசர், ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சு சுற்றிய குச்சிகள், பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெய், கியருக்கான கிரீஸ் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பற்றவைக்க மெல்லிய முனை சால்டரிங் அயர்னும், ரோசின் ஃப்ளக்ஸ் உள்ளே இருக்கும் சால்டர் கம்பியும் போதும். ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டாம். அது மெல்லிய ஒயரை மெதுவாக அரித்துவிடும், சில மாதம் கழித்து ஒயர் தானாகவே கழன்று நிற்கும். சூடுபட்டதும் சுருங்கி ஒயரை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும், சூட்டைத் தாங்கும் கப்டான் டேப்பும் வாங்குங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் சூட்டில் பசை இளகி, கடைசியில் கியருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

எஞ்சினைத் தலைகீழாகப் படுக்க வைக்க ஸ்பாஞ்சில் ஒரு பள்ளம் வெட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய கைப்பிடிக் கம்பிகள் உடைவது பெரும்பாலும் ஓட்டும்போது நடப்பதில்லை, மேசையில் புரட்டும்போதுதான் நடக்கிறது.

2. கழற்றும் முன் ஓட்டிப் பாருங்கள், எழுதி வையுங்கள்

துடைத்த நேரான தண்டவாளத்தில், டிசியில், எஞ்சினைத் தனியாக ஓட்டுங்கள். எத்தனை வோல்ட்டில் நகரத் தொடங்குகிறது, முன்னே போகும்போதும் பின்னே போகும்போதும் ஒரே மாதிரி இருக்கிறதா, எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது, என்ன சத்தம் வருகிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு 12 வோல்ட்டில் சக்கரம் சுழலாதபடி ஒரே ஒரு நொடி பிடித்து நிறுத்தி, அப்போது மீட்டர் காட்டும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். டீகோடர் தேர்ந்தெடுக்கும்போது அந்த எண் தேவைப்படும்.

எஞ்சின் எந்த மாதிரித் தடுமாறுகிறது என்று கவனித்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தின் அதே இடத்தில் நின்றால் குறை தண்டவாளத்தில். சக்கரம் ஒரு சுற்று சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு குலுக்கல் வந்தால் குறை கியரிலோ சக்கரத்திலோ. எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கங்கே நின்றால் மின்சாரம் எடுப்பதில் குறை.

நின்ற எஞ்சினை மேலிருந்து விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தியதும் ஓடினால் தொடர்பு சரியில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருக்க, முன்னே தள்ளினால்தான் நகருகிறது என்றால் எங்கோ இறுக்கம் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பிறகு வேலை முடிந்ததும் எது மாறியது என்று அவர்களால் சொல்ல முடிவதில்லை.

3. கழற்றுதல்

ஒவ்வொரு திருகை எடுக்கும் முன்னும் போனில் ஒரு படம் எடுங்கள். திருகுகளை எடுத்த வரிசையிலேயே ஒரு டேப்பில் ஒட்டி வையுங்கள். நீளம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றாக இருக்காது, நீளமான திருகு தவறான ஓட்டையில் போனால் மோட்டாரைத் தொடும். உடல் கழலவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், இன்னும் ஒரு திருகோ பக்கவாட்டில் ஒரு கொக்கியோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

4. சக்கரமும் கியரும்

சக்கரத்தைத் துடைக்க எளிய வழி: ஒரு காகிதத் துண்டை ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் மேல் போடுங்கள். எஞ்சினின் ஒரு பாதி துண்டின் மேலும் மறுபாதி வெறும் தண்டவாளத்திலும் இருக்கட்டும். எஞ்சினைக் கையால் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டினால், துண்டின் மேலுள்ள சக்கரங்கள் அங்கேயே சுழன்று கறுப்புக் கோடுகளாக அழுக்கை விட்டுவிடும். பிறகு திருப்பிப் போட்டு மறுபாதி. மோட்டாரோடு இணையாத சக்கரங்களைப் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ரப்பர் வளையம் போட்ட சக்கரங்களில் ஆல்கஹாலை ஊறவிடாதீர்கள், வளையம் தளர்ந்துவிடும்.

உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். தேய்த்த அன்று சக்கரம் பளபளக்கும். ஆனால் அது விட்டுப்போன கீறல்களில் அழுக்கு முன்பைவிட வேகமாகச் சேரும்.

அடுத்து கியர். மோட்டாரைப் பிரிக்க முடிந்தால் பிரித்துவிட்டு, சக்கரத்தை விரலால் மெல்லச் சுழற்றுங்கள். ஒரு இடத்தில் மட்டும் தட்டுப்பட்டால், அச்சில் இறுக்கமாக ஏற்றியிருக்கும் பிளாஸ்டிக் கியரை உருப்பெருக்கியில் பாருங்கள். அந்த இறுக்கத்தாலேயே நாளடைவில் அதில் மெல்லிய விரிசல் விடும், விரிசல் விட்ட இடத்தில் இரண்டு பற்களுக்கு இடையே உள்ள தூரம் கூடிவிடும். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு முறை 'டக்' என்று வரும் சத்தம் இதுதான். பசை போட்டு ஒட்டினால் நிற்காது, கியரையே மாற்றுங்கள்.

நீராவி எஞ்சினாக இருந்தால் சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் வளைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அரை மில்லிமீட்டர் வளைவே இறுக்கத்துக்குப் போதும். இரு பக்கச் சக்கரங்களும் ஒன்றுக்கொன்று கால் சுற்று தள்ளி நிற்க வேண்டும். அந்தக் கோணம் ஒரு அச்சில் பிசகினாலும் எஞ்சின் நொண்டும். இரு சக்கரங்களின் உள்பக்க இடைவெளியை உங்கள் அளவுக்குரிய கேஜை வைத்துச் சரிபாருங்கள். முறுக்குச் சந்திகளில் (ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடங்களில்) குதிப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

எண்ணெய் விடும்போது ஊசி முனையில் எடுத்த துளி போதும். அச்சு சுழலும் இடங்களில் எண்ணெய், கியர் பற்களில் மெல்லிய கிரீஸ். பழைய கிரீஸ் மெழுகுபோல இறுகியிருந்தால் முழுதும் வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், அதன் மேலேயே பூசாதீர்கள். அதிகமாக விட்ட எண்ணெய் சக்கரத்துக்கு இறங்கும், அங்கிருந்து தண்டவாளம் முழுக்கப் பரவும். அப்புறம் மற்ற எஞ்சின்களும் திக்க ஆரம்பிக்கும்.

5. மின்சாரம் எடுக்கும் தகடுகள்

மெதுவாக ஓட்டும்போது எஞ்சின் நிற்பதற்கு நான் பார்த்த வரையில் முக்கியக் காரணம் இந்தத் தகடுகள்தான். அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை மோட்டாருக்குப் போகும் ஒயரிலும் மறுமுனையை அந்தப் பக்கத்துச் சக்கரம் ஒவ்வொன்றிலும் வையுங்கள். சக்கரத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டே பாருங்கள். எண் ஒன்றிரண்டு ஓமுக்குள் அசையாமல் நின்றால் நல்லது. தாவினால் அந்தத் தகடு சரியாகத் தொடவில்லை. எட்டுச் சக்கர எஞ்சினில் ஒரு தண்டவாளத்துக்கு நான்கு சக்கரங்கள். அதில் ஒன்றில் ரப்பர் வளையம், இன்னொன்றின் தகடு வளைந்துவிட்டது என்றால் மிஞ்சுவது இரண்டு. முறுக்குச் சந்தியின் பிளாஸ்டிக் பகுதியில் அந்த இரண்டும் ஏறும் கணத்தில் எஞ்சின் நிற்காமல் என்ன செய்யும்?

தகட்டின் முனையையும் சக்கரத்தின் பின்பக்கத்தையும் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, தகட்டை ட்வீசரால் துளித் துளியாக வளையுங்கள். தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அச்சு பக்கவாட்டில் கொஞ்சம் நகரும், எனவே சக்கரத்தை இரு ஓரத்துக்கும் தள்ளிப் பார்த்து இரு நிலையிலும் தொடர்பு இருக்கிறதா என்று சோதியுங்கள். புதியவர்கள் தவறாமல் செய்வது, தொடர்பு நன்றாக இருக்கட்டும் என்று இறுக்கமாக வளைத்துவிடுவது. அது பிரேக் போட்டதுபோலாகி, எஞ்சின் நகரத் தேவையான வோல்டேஜ் கூடிவிடும். நீங்கள் முதலில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

தகடே இல்லாத சக்கரங்களுக்கும் சேர்க்கலாம். பாஸ்பர் பிரான்ஸ் கம்பி, 0.3 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லியது, இதற்கு ஏற்றது. வளைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும் துள்ளல் அதில் உண்டு, சாதாரண செப்புக் கம்பியில் அது கிடையாது. கம்பியைச் சிறு செம்புப் பலகையில் பற்றவைத்து, அந்தப் பலகையை எஞ்சினின் அடியில் ஒட்டிவிடுங்கள். நீராவி எஞ்சினின் டெண்டரில் (பின்னால் இணைந்து வரும் கரி, தண்ணீர் வண்டியில்) இப்படிச் சேர்ப்பது பெரிய பலன் தரும். டெண்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே போகும் ஒயர் மிக மெல்லியதாக, கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். விறைத்த ஒயர் வளைவில் டெண்டரைத் தூக்கித் தடம் புரளச் செய்யும்.

உலோகம் உலோகத்தின் மேல் வெறுமனே உட்கார்ந்து தொடர்பு தரும் இடங்கள் சில எஞ்சின்களில் இருக்கும். பிளாஸ்டிக் மூடி போட்டு ஒயரைத் தகட்டோடு அழுத்தி வைத்திருப்பார்கள். அந்த மூடிகளைக் கழற்றிவிட்டு ஒயரை நேராகப் பற்றவையுங்கள்.

6. மோட்டார்

மோட்டார் அச்சில் செம்புத் தகடுகள் சுற்றியிருக்கும் கம்யூட்டேட்டரில் கறுப்புப் படிந்திருந்தால் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். அங்கே எண்ணெய் கூடவே கூடாது. கார்பன் தூளோடு எண்ணெய் சேர்ந்து, கம்யூட்டேட்டர் தகடுகளின் நடுவே உள்ள இடுக்கில் பசைபோல நிரம்பி மின்சாரத்தைக் கசியவிடும். கம்யூட்டேட்டரைத் தொட்டு மின்சாரம் தரும் கார்பன் துண்டுதான் பிரஷ், அது தேய்ந்து குட்டையாகிவிட்டால் மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, டிசியில் நடு வேகத்தில் முன்னே அரை மணி நேரம், பின்னே அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு இரண்டாம் கட்டத்தில் எழுதிய எண்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். தொடங்கும் வோல்டேஜும் மின்னோட்டமும் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் டீகோடரைத் தொடாதீர்கள், நான்காவது கட்டத்துக்குத் திரும்புங்கள்.

7. டீகோடர்

மோட்டாரின் இரண்டு முனைகளும் எஞ்சினின் உலோகச் சட்டத்தையோ தண்டவாளத்திலிருந்து வரும் ஒயரையோ தொடவே கூடாது. டிசியில் ஓடிய பழைய எஞ்சின்களில் ஒரு பிரஷ் நேராகச் சட்டத்தோடு இணைந்திருக்கும். அதை அப்படியே விட்டு டீகோடர் போட்டு ஓட்டினால் டீகோடர் அங்கேயே போய்விடும். நான் ஒரு முறை ஒயர்களை எல்லாம் சரியாகப் பிரித்துவிட்டு, மோட்டாரைப் பிடித்திருந்த உலோகத் திருகை மறந்துவிட்டேன். புது டீகோடர் ஒன்று அதில் புகைந்து போனது. அன்றிலிருந்து மோட்டார் முனை ஒவ்வொன்றையும் சட்டத்தோடும் இரு பக்கச் சக்கரங்களோடும் வைத்து அளந்து, மீட்டர் எதுவும் காட்டவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் டீகோடரை உறையிலிருந்தே எடுக்கிறேன்.

சட்டத்தைத் தொடும் பிரஷுக்குக் கீழே கப்டான் டேப்போ நைலான் வாஷரோ வையுங்கள், உலோகத் திருகுக்குப் பதில் நைலான் திருகு போடுங்கள். மோட்டாரின் குறுக்கே ரேடியோ இரைச்சலை அடக்க வைத்த சிறு கெபாசிட்டர் இருந்தால், டீகோடர் போடும்போது எடுத்துவிடுவது நல்லது. டீகோடர் மோட்டாருக்கு மின்சாரத்தை மிக வேகமான துடிப்புகளாக அனுப்புகிறது, அந்தக் கெபாசிட்டர் அந்தத் துடிப்புகளை விழுங்கிவிடுகிறது.

டீகோடரின் மின்னோட்ட அளவு, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியபோது நீங்கள் எழுதிய எண்ணைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். எச்ஓ அளவுக்கு 1 ஆம்பியர் டீகோடர் பொதுவாகப் போதும்.

என்எம்ஆர்ஏ (அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம்) வகுத்த ஒயர் நிறங்கள்: சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் எல்லா விளக்குகளுக்கும் பொதுவான பாசிட்டிவ், பச்சையும் ஊதாவும் கூடுதல் வேலைகளுக்கு. நீலத்தைச் சட்டத்தோடு இணைக்காதீர்கள். பயன்படுத்தாத ஒயரின் முனையை வெறுமனே விடாமல் ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள்.

எஞ்சினில் எட்டு முள் சாக்கெட் இருந்தால் வேலை எளிது. முதல் முள்ளுக்கு ஆரஞ்சு ஒயர் வர வேண்டும். திருப்பிச் செருகிவிட்டால் எஞ்சின் ஓடும், ஆனால் எதிர்த் திசையில், விளக்கு எரியாமல். பயப்படாமல் கழற்றித் திருப்பிச் செருகுங்கள்.

முதல் மின்சாரத்தைப் புரோகிராமிங் தண்டவாளத்தில்தான் (டீகோடரின் சிவிகளைப் படிக்கவும் எழுதவும் தனியாக வைத்த தண்டவாளம்) கொடுக்க வேண்டும். அங்கே மின்னோட்டம் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் ஏதாவது ஷார்ட் இருந்தாலும் டீகோடர் தப்பிக்க வாய்ப்பு உண்டு. சிவி 8-ஐப் படித்துப் பாருங்கள், அது தயாரிப்பாளர் எண். எண் வந்தால் தண்டவாள ஒயர்களும் மோட்டார் ஒயர்களும் சரி என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் டீகோடர் மோட்டாரை ஒரு கணம் இயக்கித்தான் பதில் சொல்கிறது. எண் வரவில்லை என்றால் முக்கியத் தண்டவாளத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

8. விளக்குகள்

பழைய பல்புகள் சூடாகும், பிளாஸ்டிக் உடலை இளக்கும், மின்சாரமும் அதிகம் இழுக்கும். எல்இடிக்கு மாற்றுங்கள். ஆனால் எல்இடியை நேராக டீகோடரில் இணைத்தால் அந்த நொடியே போய்விடும். ரெசிஸ்டர் கட்டாயம்.

கணக்கு எளிது. டீகோடரின் விளக்கு முனையில் சுமார் 14 வோல்ட் வருகிறது, வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்கிறது, மீதி 11 வோல்ட். 10 மில்லிஆம்பியர் ஓட வேண்டும் என்றால் 11-ஐ 0.01-ஆல் வகுக்க 1100 ஓம் வருகிறது, 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். ஆனால் இந்தக் கால எல்இடிகள் 10 மில்லிஆம்பியரில் கண்ணைக் குத்தும். நான் 4.7 கிலோ ஓமில் தொடங்குகிறேன், அதில் ஓடுவது சுமார் 2.3 மில்லிஆம்பியர்தான். அறை விளக்கை அணைத்துப் பார்த்துவிட்டு, மங்கலாக இருந்தால் மட்டும் 2.2-க்கு இறங்குகிறேன். இரண்டு எல்இடிகளைப் பக்கம் பக்கமாக இணைத்து ஒரே ரெசிஸ்டரைப் போடாதீர்கள். ஒன்று பிரகாசமாகவும் இன்னொன்று மங்கலாகவும் எரியும்.

எல்இடியின் நீளமான கால் நீல ஒயருக்கு, குட்டையான கால் வெள்ளைக்கோ மஞ்சளுக்கோ. ரெசிஸ்டர் எந்தக் காலில் இருந்தாலும் சரிதான். நிறத்தில் வார்ம் வொயிட் எடுங்கள், நீலம் கலந்த வெள்ளை பழைய எஞ்சினின் முகத்துக்கு ஒட்டவே ஒட்டாது.

உடலின் பிளாஸ்டிக் வழியாக ஒளி கசிந்து முகப்பே மொத்தமாக மின்னினால், உள்பக்கத்தில் முதலில் கறுப்பு பெயிண்ட் இரண்டு பூச்சு அடியுங்கள். இதை எல்இடி பொருத்தும் முன்பே செய்துவிட வேண்டும். பிறகு செய்தால் தூரிகை நுழையாது.

9. சிவி அமைப்புகள்

கெபாசிட்டருக்கு முன்பே இதை முடியுங்கள். பெரிய கெபாசிட்டர் இருந்தால் புரோகிராமிங் தண்டவாளத்தின் குறைந்த மின்னோட்டம் முழுவதும் அதை நிரப்பவே போய்விடும், டீகோடர் பதிலே சொல்லாது.

முதலில் சிவி 1-இல் முகவரி. அது 3 என்று வரும், மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த புது எஞ்சினும் சேர்ந்து ஓடும். பிறகு சிவி 2, அதாவது தொடங்கும் வோல்டேஜ். வேகப்படி 1-இல் எஞ்சின் ஊர்ந்து நகரும் வரை ஒவ்வொரு எண்ணாகக் கூட்டுங்கள். சிவி 5 உச்ச வேகம், சிவி 6 நடு வேகம். பொம்மைபோலப் பறக்காமல் இருக்க சிவி 5-ஐக் குறையுங்கள், சிவி 6-ஐ அதன் பாதிக்குச் சற்றுக் கீழே வையுங்கள். அப்போது மெதுவான ஓட்டத்துக்கு அதிகப் படிகள் கிடைக்கும். வேகம் கூடும் நேரத்துக்கான சிவி 3-ஐயும் குறையும் நேரத்துக்கான சிவி 4-ஐயும் கடைசியில் தொடுங்கள். முதலிலேயே கூட்டிவிட்டால், எஞ்சின் தாமதமாக நகர்வது இறுக்கத்தாலா அமைப்பாலா என்று குழப்பம் வரும்.

சிவி 29-இல் 6 இருந்தால் 28 அல்லது 128 வேகப்படிகள், டிசியிலும் ஓடும். எஞ்சினின் முன்பக்கமே மாற வேண்டும் என்றால் 7. விளக்கு சரியாக இருந்து ஓடும் திசை மட்டும் தலைகீழாக இருந்தால் சிவியைத் தொடாதீர்கள், ஆரஞ்சையும் சாம்பலையும் இடம் மாற்றுங்கள். வேகத்தைக் கூட்டும்போது முன்விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் ஒயரில் குறை தேட வேண்டாம். கண்ட்ரோலர் ஒரு வேகப்படி முறையிலும் டீகோடர் இன்னொரு முறையிலும் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

எண்களைக் குழப்பிவிட்டால், பல டீகோடர்களில் சிவி 8-இல் 8 என்று எழுதினால் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும்.

10. கெபாசிட்டர்

ஒரு கணம் தொடர்பு விட்டாலும் எஞ்சின் நிற்காமல் ஓட இது உதவும். எவ்வளவு உதவும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், எஞ்சின் 100 மில்லிஆம்பியர் இழுக்கிறது, 14 வோல்ட்டிலிருந்து 8 வோல்ட்டுக்கு இறங்கும் வரை மோட்டார் ஓடும் என்றால் கிடைப்பது 0.06 நொடி. சிறு அழுக்குப் புள்ளியைத் தாண்ட அது போதும், நீளமான முறுக்குச் சந்தியைத் தாண்டப் போதாது. தகடுகளைச் சரிசெய்யாமல் கெபாசிட்டரை மட்டும் நம்புவது வீண் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த எண்தான்.

25 வோல்ட் கெபாசிட்டர் வாங்குங்கள், தண்டவாள வோல்டேஜ் கூடினால் 16 வோல்ட் உள்ளது வெடிக்கக்கூடும். பாசிட்டிவ் காலுக்கும் நீல ஒயருக்கும் நடுவே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், அதற்குப் பக்கவாட்டில் ஒரு டயோடும் போடுங்கள். டயோடின் கோடு போட்ட முனை நீல ஒயர் பக்கம் இருக்க வேண்டும். நிரம்பும்போது ரெசிஸ்டர் வழியாக மெல்ல நிரம்பும், கொடுக்கும்போது டயோடு வழியாகத் தடையில்லாமல் கொடுக்கும். நெகட்டிவ் கால் டீகோடரின் கிரவுண்ட் புள்ளிக்குப் போக வேண்டும். தண்டவாளத்துக்கான கறுப்பு ஒயர் கிரவுண்ட் அல்ல. இந்த ஒரு தவறில் போன டீகோடர்கள் நிறைய. டீகோடரோடு வந்த தாளில் கிரவுண்ட் புள்ளி காட்டப்படவில்லை என்றால் இந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள்.

இணைத்த பிறகு சிவி 29-இல் டிசி ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள், அதாவது 6 இருந்தால் 2, 7 இருந்தால் 3. இதை முக்கியத் தண்டவாளத்திலேயே எழுதலாம். இல்லாவிட்டால் தொடர்பு விட்ட கணத்தில் டீகோடர் டிசி வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு எஞ்சினைப் பாய விடலாம்.

11. உடலை மூடுதல்

ஒயர்களை ஃப்ளைவீலுக்கும் (மோட்டார் அச்சில் சுழலும் கனமான சக்கரம்) கியருக்கும் தூரமாக, சட்டத்தின் ஓரமாகக் கப்டான் டேப்பால் ஒட்டுங்கள். டீகோடரையே டேப்பால் சுற்றி மூடாதீர்கள், சூடு வெளியேற வழி வேண்டும். உடலை வைத்ததும் திருகு போடும் முன் ஒரு முறை ஓட்டுங்கள், ஒவ்வொரு திருகு இறுக்கிய பிறகும் ஒரு முறை ஓட்டுங்கள். திறந்திருந்தபோது நன்றாக ஓடிய எஞ்சின் மூடியதும் முனகினால், ஏதோ ஒரு ஒயர் ஃப்ளைவீலில் உரசுகிறது, அல்லது ஒரு திருகு அளவுக்கு மேல் இறுகிச் சட்டத்தை வளைக்கிறது. கடைசியாக இறுக்கிய திருகைக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.